குழந்தைகளுக்குக் கோள்களைச் சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிள்ளைகள் கேட்டு, பெரியவர்கள் முழிக்கும் கேள்விகளும் நடுவில் உண்டு. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எட்டுப் பெயரை வரிசையாக ஒப்பிக்க வைப்பது கடைசி வேலை. முதலில் வானம், அடுத்து தூரம், அப்புறம்தான் பட்டியல். பள்ளிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது, அதனால்தான் பெயர் எல்லாம் தெரிந்த பிள்ளைக்கும் வானத்தில் வெள்ளி எது என்று காட்டத் தெரிவதில்லை.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

மூன்று, நான்கு வயதில் கோள் என்ற சொல்லே வேண்டாம். பகல், இரவு, நிலா தேய்வது, வளர்வது, சில நாள் பகலிலேயே நிலா தெரிவது, இவற்றைக் காட்டினால் போதும். பகல் நிலாவைப் பார்த்ததே இல்லாத பெரியவர்கள் எத்தனையோ பேர்.

ஐந்து, ஆறு வயதில் பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். டைனோசர் பெயர்களை மூச்சு விடாமல் சொல்கிற வயது அது, எட்டுக் கோள் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எட்டு, ஒன்பது வயதில் அளவும் தூரமும் பிடிபடத் தொடங்கும். பத்துக்கு மேல் "இது எப்படித் தெரியும், யார் போய்ப் பார்த்தார்கள்?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது, அந்த நேரத்தில் "புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

கண்ணால் பார்க்கக்கூடியதிலிருந்து. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வெறும் கண்ணுக்கே தெரியும். இந்த ஐந்தும் கிழமைப் பெயர்கள் என்பதால் தமிழ்க் குழந்தைக்குப் பெயர்கள் முன்பே தெரியும், பாதி வேலை முடிந்தது.

வெள்ளிதான் சுலபம். சூரியன் மறைந்த பிறகு மேற்கிலோ, விடிவதற்கு முன் கிழக்கிலோ, நிலாவுக்கு அடுத்தபடியாகப் பளிச்சென்று இருப்பது அதுதான். சூரியனைவிட்டு அது அதிக தூரம் விலகித் தெரிவதில்லை என்பதால் நடுநிசியில் சாதாரணமாகத் தேடிப் பயனில்லை. வியாழன் அடுத்த பிரகாசம், அது சில மாதங்களில் இரவு முழுக்கத் தெரியும். சனி மங்கலான மஞ்சள். செவ்வாய் சிவப்பு கலந்த ஆரஞ்சு, ஆனால் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமிக்கு அருகே வரும்போதுதான் நன்றாக ஒளிரும், மற்ற நேரங்களில் சுமாரான ஒரு விண்மீன் மாதிரி கிடக்கும். அடுத்த நல்ல வாய்ப்பு 2027 பிப்ரவரி வாக்கில். புதனைப் பார்ப்பதற்கு அடிவானம் திறந்திருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

கோள் எது, விண்மீன் எது என்று பிரிக்க ஒரு பழைய வழி உண்டு: விண்மீன் மினுக்கும், கோள் பெரும்பாலும் மினுக்காமல் நிலையாக ஒளிரும். அடிவானத்துக்கு மிக அருகில் இருந்தால் கோளும் மினுக்கும், அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் அன்றைய வானத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் வானம், பிறகு திரை. திரையை முதலில் கொடுத்தால் பிள்ளை தலையைத் தூக்கவே தூக்காது.

இன்னொரு விஷயம், சில வாரங்கள் விட்டு விட்டு அதே கோளைக் காட்டுங்கள். பக்கத்திலிருக்கும் விண்மீன்களை ஒப்பிட்டால் அது நகர்ந்திருப்பது தெரியும். பண்டைக் காலத்து மக்கள் கோள்களை விண்மீன்களிலிருந்து பிரித்துப் பார்த்ததே இந்த நகர்வை வைத்துத்தான்.

வரிசையை நினைவில் வைக்க ஏதாவது வழி?

முதல் எழுத்துகளை வைத்து ஒரு வாக்கியம். பு, வெ, பூ, செ, வி, ச, யு, நெ. "புது வெள்ளைப் பூனை செடிமேல் விழுந்து சண்டையிட்டு யுத்தம் நெடுநேரம் நடத்தியது" என்பது ஒரு மாதிரி. இதை அப்படியே கொடுக்காமல் பிள்ளையையே ஒன்று கட்டச் சொல்லுங்கள், எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நாள் நிற்கும். முதல் நான்கும் சின்னவை, பாறையால் ஆனவை. பின் நான்கும் பெரியவை. நாலும் நாலும் என்று பிரித்துவிட்டால் வரிசையோடு வகையும் மனதில் தங்கும்.

பாடப்புத்தகப் படத்தில் கோள்கள் அடுத்தடுத்து இருக்கின்றனவே, அது சரியா?

இல்லை. ஒட்டுமொத்த விஷயத்திலும் அதிகக் குழப்பம் உண்டாக்குவது அந்தப் படம்தான். புத்தகம் போடுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது: கோள்களின் அளவையும் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தையும் ஒரே விகிதத்தில் ஒரு பக்கத்தில் வரையவே முடியாது. அளவைச் சரியாகப் போட்டால் தூரம் தாளைத் தாண்டிப் பல தெரு போய்விடும். தூரத்தைச் சரியாகப் போட்டால் கோள்கள் கண்ணுக்கே தெரியாது.

அதனால் வெளியே போய் நடந்து காட்டுங்கள். நமக்கு வசதியான ஒரு விகிதம் இருக்கிறது: 1 சென்டிமீட்டர் என்பது 1 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர், ஆக அது 14 செ.மீ. பந்து. பூமி 1.3 மில்லிமீட்டர், பேனாவால் அழுத்தி வைத்த ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பந்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளை முதலில் ஊகிக்க விடுங்கள். பெரும்பாலும் ஒரு முழம், இரண்டு முழம் என்பார்கள். விடை 15 மீட்டர்.

புதன் அரை மில்லிமீட்டர், 6 மீட்டரில். வெள்ளி 1.2 மில்லிமீட்டர், 11 மீட்டரில். செவ்வாய் 0.7 மில்லிமீட்டர், 23 மீட்டரில். அதற்குப் பிறகு வெகுதூரம் ஒன்றுமே கிடையாது. 78 மீட்டரில் வியாழன், 1.4 செ.மீ. மணி. சனி 1.2 செ.மீ., 143 மீட்டரில். யுரேனஸ் 5 மில்லிமீட்டர், 287 மீட்டரில். நெப்டியூனும் ஏறத்தாழ அதே அளவு, 450 மீட்டரில். அங்கே நின்றுகொண்டு 14 செ.மீ. பந்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நெப்டியூன் ஏன் அவ்வளவு குளிர் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இதே அளவில் நிலா, பூமிப் புள்ளியிலிருந்து நாலு செ.மீ.கூட இல்லை. மனிதர்கள் நேரில் போய்வந்த தூரம் அவ்வளவுதான். சூரியனுக்கு மிக அருகிலிருக்கும் விண்மீனான பிராக்சிமா செண்டாரியை வைக்க வேண்டும் என்றால் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பயணம் போக வேண்டும். இங்கே பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலர் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்களிடம் கணக்கைப் போடச் சொல்லுங்கள், பெருக்கல் வகுத்தல்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. இந்த அளவில் ஒளி ஒரு நொடிக்கு 3 செ.மீ.தான் நகரும். சூரியப் பந்திலிருந்து அந்த வேகத்தில் நகர்ந்து பூமிக்கு வரச் சொல்லுங்கள்: 8 நிமிடம் 20 நொடி ஆகும். உண்மையிலும் சூரிய ஒளி நம்மை வந்தடைய அதே நேரம்தான். பாதியிலேயே அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள், பரவாயில்லை. நெப்டியூனுக்கு இப்படிப் போக நான்கு மணி நேரத்துக்கும் மேல்.

அவ்வளவு இடம் இல்லை, வீட்டுக்குள் செய்ய முடியுமா?

ஒரு மீட்டர் நீளக் காகித நாடா போதும். ஒரு முனையில் சூரியன், மறுமுனையில் புளூட்டோ என்று எழுதுங்கள். பாதியாக மடித்தால் மடிப்பில் யுரேனஸ். பிள்ளைகளின் முகம் மாறும் இடம் இது, ஏனென்றால் பாதித் தூரத்தில் வியாழன் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். யுரேனஸுக்கும் புளூட்டோவுக்கும் நடுவில் மடித்தால் நெப்டியூன். சூரியனுக்கும் யுரேனஸுக்கும் நடுவில் சனி. சூரியனுக்கும் சனிக்கும் நடுவில் வியாழன். சூரியனுக்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள் பட்டை, அதாவது சின்னச் சின்னப் பாறைகள் சூரியனைச் சுற்றும் பகுதி. அதையும் பாதியாக்கினால் செவ்வாய், மிச்சமிருக்கும் துளி இடத்தில் பூமி, வெள்ளி, புதன் மூன்றையும் நெருக்கி எழுத வேண்டும். அச்சு அசலாகச் சரி இல்லை, செவ்வாய் கொஞ்சம் உள்ளே தள்ளிப்போகும், ஆனாலும் பெரும்பாலான சுவரொட்டிகளைவிட எவ்வளவோ மேல்.

தெர்மாகோல் உருண்டைகளுக்கு வண்ணம் அடித்துத் தொங்கவிடுவது? செய்யலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதைச் செய்துவிட்டு "இதில் எது பொய்?" என்று கேளுங்கள், அப்போதுதான் அது பாடம்.

கோள்கள் ஏன் சூரியனுக்குள் விழுந்துவிடவில்லை?

விழுந்துகொண்டேதான் இருக்கின்றன, கூடவே பக்கவாட்டில் வேகமாகப் போய்க்கொண்டும் இருக்கின்றன என்பதுதான் சரியான பதில். ஒரு பந்தை மெதுவாக எறிந்தால் பக்கத்தில் விழும், வேகமாக எறிந்தால் தள்ளிப்போய் விழும், மிக மிக வேகமாக எறிந்தால் அது விழ விழ உருண்டையான தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும், பந்து தரையைத் தொடவே தொடாது. நியூட்டன் மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்து இதைத்தான் கற்பனை செய்தார். பூமி நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகம் திடீரென்று நின்றுவிட்டால் நாம் சுமார் 65 நாளில் சூரியனில் போய் விழுவோம்.

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிக் காட்டுவது எளிது, ஆனால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கல் வெளியே இழுப்பது கையில் தெரிவதால், கோளை ஏதோ ஒரு விசை வெளியே தள்ளுகிறது என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. உண்மையில் உள்நோக்கி இழுக்கும் ஈர்ப்பு ஒன்றுதான். கயிற்றைக் காட்டித்தான் தீர வேண்டும் என்றால் கயிற்றை விட்டுவிட்டால் கல் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: நேராக, பக்கவாட்டில். பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து.

சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன், அப்படியானால் அதுதான் அதிகச் சூடா?

வெள்ளி. கேள்வி சின்னது, ஆனால் நல்ல கேள்வி. புதனில் பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை போகும், இரவில் மைனஸ் 180 வரை இறங்கும், ஏனென்றால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வளிமண்டலம் அங்கே இல்லை என்றே சொல்லலாம். வெள்ளியின் காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு, அழுத்தம் பூமியைவிடச் சுமார் 90 மடங்கு, பகலோ இரவோ 465 டிகிரி பக்கம்தான். ரஷ்யர்களின் வெனேரா 13 விண்கலம் 1982 மார்ச்சில் அங்கே இறங்கி 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. வளிமண்டலம் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் பசுமைக்குடில் விளைவு பற்றிப் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பூமி சூரியனுக்கு அருகில் வரும்போதுதான் கோடையா?

இதைப் பெரியவர்களே தவறாகச் சொல்வார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், ஏறத்தாழ 14.7 கோடி கி.மீ. தொலைவில். மிக விலகி இருப்பது ஜூலை தொடக்கத்தில், 15.2 கோடி கி.மீ. அந்த ஜூலையில்தான் பூமியின் வட பாதிக்குக் கோடை. தென் பாதிக்கு அப்போது குளிர்காலம். தூரம்தான் காரணம் என்றால் இரண்டு பாதிக்கும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டுமே, இதை ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், யோசிக்கட்டும். விடை பூமியின் அச்சில் இருக்கும் 23.4 டிகிரி சாய்வு: சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும் பாதிக்குக் கோடை. விளக்கு ஒன்றைச் சூரியனாக வைத்து, சாய்த்துப் பிடித்த உருண்டையை அதைச் சுற்றிக் கொண்டுபோனால் புரியும், சுற்றும்போது சாய்வின் திசை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

யுரேனஸ் 98 டிகிரி சாய்ந்து படுத்தபடி சுற்றுகிறது. அதன் ஒரு வருடம் நமக்கு 84 வருடம். ஆக, துருவத்தில் 42 வருடம் பகல், 42 வருடம் இரவு. பள்ளிக்கூடம் எப்போது விடும் என்று கேட்பார்கள்.

புளூட்டோவை ஏன் நீக்கினார்கள்?

யாரும் எங்கும் நீக்கவில்லை, அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வகை மட்டும் மாறியது. 1930-இல் கிளைட் டாம்பா கண்டுபிடித்தபோது ஒன்பதாம் கோள் என்றார்கள். 1990-களில் தொடங்கி அந்தப் பகுதியில் பனிப்பொருள்கள் வரிசையாகக் கிடைத்தன, 2005-இல் கிட்டத்தட்ட புளூட்டோ அளவுள்ள ஏரிஸ் கிடைத்தது. அப்போது இரண்டே வழி: பத்து, பதினொன்று என்று கூட்டிக்கொண்டே போவது, இல்லையென்றால் கோள் என்றால் என்ன என்று வரையறுப்பது. 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாக இருக்க வேண்டும், தன் சுற்றுப்பாதையில் தானே பெரிய ஆளாக, மற்றவற்றை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்றது, குறுங்கோள் ஆனது.

இந்த வரையறையில் இன்றும் உடன்படாத அறிவியலாளர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இது முதல்முறையும் இல்லை. 1801-இல் கண்டுபிடிக்கப்பட்ட சீரீஸைப் பல பத்தாண்டுகள் கோள் என்றுதான் எழுதினார்கள், பக்கத்திலேயே அதுபோல நிறையக் கிடைத்ததும் சிறுகோள் என்றார்கள், இப்போது அதுவும் குறுங்கோள்.

புளூட்டோவுக்காக வருத்தப்படும் பிள்ளைக்கு நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். அதன்மேல் இதய வடிவத்தில் ஒரு வெளிர்ப் பகுதி இருக்கிறது. பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடும்.

வியாழனில் இறங்கி நிற்க முடியுமா?

நிற்கத் தரை இல்லை. வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். உள்ளே போகப் போக அழுத்தமும் வெப்பமும் ஏறிக்கொண்டே இருக்கும், "இதோ தரை" என்று ஓர் இடம் வராது. கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கருவி 1995 டிசம்பரில் வியாழனுக்குள் இறங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தகவல் அனுப்பிவிட்டு அடங்கிப்போனது. அது கடந்த ஆழம் 150 கி.மீ. பக்கம், வியாழனின் குறுக்களவோ 1 லட்சத்து 40 ஆயிரம் கி.மீ. தோலைக்கூடத் தாண்டவில்லை.

சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்கிறார்களே?

அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.69 கிராம். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மிதக்கும் என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஒரு கெட்டியான பந்து என்ற தவறான எண்ணத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. நான் அதைச் சொல்வதை விட்டுவிடச் சொல்வேன்.

வளையத்தைப் பற்றிப் பேசுங்கள், அதில் சரக்கு அதிகம். அது தட்டு கிடையாது, தூசியிலிருந்து வீட்டளவு வரை உள்ள எண்ணற்ற பனித்துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சனியைச் சுற்றுகிறது. முக்கிய வளையங்களின் குறுக்களவு 2 லட்சத்து 70 ஆயிரம் கி.மீ.க்கு மேல், தடிமன் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். ஏறத்தாழ 15 வருடத்துக்கு ஒருமுறை அதன் விளிம்பு நம் பக்கம் திரும்பி, சின்னத் தொலைநோக்கியில் வளையமே காணாமல் போகும். 2025 மார்ச்சில் அப்படி ஆனது, இனி சில வருடங்களுக்கு வளையம் மெல்ல மெல்லத் திறந்து தெரியும். வியாழன், யுரேனஸ், நெப்டியூனுக்கும் வளையம் உண்டு, மங்கலானவை.

படங்களில் வரும் நிறங்கள் உண்மைதானா?

சில உண்மை, சில கூட்டியவை. செவ்வாயின் சிவப்பு இரும்புத் துருவால் வருவது, அது உண்மை. அங்கே சூரியன் மறையும்போது அதைச் சுற்றி வானம் நீலமாகத் தெரியும், அதுவும் உண்மை, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த தகவல். நெப்டியூன் அடர்நீலம் என்பதுதான் சிக்கல். அந்தப் பெயர்பெற்ற படம் 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் எடுத்தது, மேகங்கள் தெரிவதற்காக நிறத்தைத் தூக்கிக் காட்டினார்கள், அந்த விளக்கம் நாளடைவில் படத்தோடு சேர்ந்து பயணிக்கவில்லை. 2024-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் மறுபடி கணித்தபோது யுரேனஸும் நெப்டியூனும் ஏறத்தாழ ஒரே மாதிரி வெளிர் பச்சை கலந்த நீலம் என்று தெரிந்தது, நெப்டியூன் ஒரு மாத்திரை கூடுதல் நீலம். சூரியன் விண்வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை. பிள்ளை மஞ்சள் அடித்தால் அழிக்க வேண்டாம்.

எந்தக் கோளுக்கு எத்தனை நிலா என்று மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். பூமிக்கு ஒன்று, செவ்வாய்க்கு இரண்டு, புதனுக்கும் வெள்ளிக்கும் கிடையாது, இது போதும். மற்ற எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். 2025 மார்ச்சில் ஒரே தடவையில் சனிக்கு 128 நிலாக்கள் சேர்ந்து 274 ஆயிற்று. நேற்றைய புத்தகத்தில் இருக்கும் எண்ணைக் கேட்டு மதிப்பெண் போடுவதில் என்ன பயன்?

எண்ணுக்குப் பதில் நான்கு பெயர் சொல்லுங்கள்: அயோ, யூரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனுக்குப் பக்கத்தில் பார்த்த புள்ளிகள் இவை. சாதாரண பைனாகுலரை ஒரு மதில்மேல் ஆடாமல் வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். தெரிகிற புள்ளிகளை அப்படியே ஒரு தாளில் வரைந்து வைத்துவிட்டு மறுநாள் இரவு மறுபடி வரையச் சொல்லுங்கள். இடம் மாறியிருக்கும், சில நாள் ஒன்று குறையும். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய எண்ணத்தை அசைத்த கவனிப்பு அது, அதை ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் கையால் திரும்பச் செய்யலாம்.

எல்லாக் கோள்களும் ஒரே நேர்கோட்டில் வருகின்றன, ஏதாவது ஆகிவிடுமா என்று பயப்படுகிறார்கள்.

ஒன்றும் ஆகாது. எல்லாக் கோள்களும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுவதால், நம் வானத்தில் எப்போதும் ஒரே பாதையை ஒட்டித்தான் தெரியும். சில சமயம் நான்கைந்து ஒரே நேரத்தில் தெரியும், அதைச் செய்திகளில் பெரிதாக்குவார்கள். உண்மையிலேயே நூல் பிடித்தது போல எட்டும் ஒரு கோட்டில் நிற்பதில்லை. அப்படி நின்றாலும் அவற்றின் ஈர்ப்பு நம்மை எட்டும்போது ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைந்துவிடும்.

கணக்கோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

தாராளமாக. புதனின் வருடம் 88 நாள், செவ்வாயின் வருடம் 687 நாள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புதனில் 33 வயது, செவ்வாயில் நாலேகால், வியாழனில் இன்னும் முதல் பிறந்தநாளே வரவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு வருடம் நமக்கு 12 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்றுவதற்கோ 225 நாள்தான், அதுவும் மற்ற பல கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும்.

எடையும் அப்படியே. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம், இங்கே 25 கிலோ காட்டும் தராசு அங்கே ஒன்பதரை காட்டும். புதனிலும் கிட்டத்தட்ட அதே ஒன்பதரைதான். புதன் செவ்வாயைவிடச் சின்னது, அப்படியிருக்க ஈர்ப்பு எப்படிச் சமம்? பெரிய பிள்ளைகளை இதில் கொஞ்சம் மாட்டிவிடலாம். புதனின் உள்ளே பெரும்பகுதி இரும்பு, அடர்த்தி அதிகம்.

வேறு எங்காவது உயிர் இருக்கிறதா?

இதுவரை கிடைக்கவில்லை, தேடுகிறார்கள். வியாழனின் நிலாவான யூரோப்பாவிலும் சனியின் நிலாவான என்செலடஸிலும் பனி ஓட்டுக்குக் கீழே உப்புநீர்க் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடைய வேண்டும். இன்று ஆறு வயதாகும் பிள்ளை அப்போது பத்து, பதினொரு வயதில் அந்தச் செய்தியைத் தானே படிக்கும்.

சூரியன் அணைந்துவிடும் என்று கேட்டதிலிருந்து பிள்ளை தூங்க மறுக்கிறது. என்ன செய்வது?

சிரிக்காதீர்கள், பல பிள்ளைகளுக்கு வரும் பயம் இது. சூரியன் அணையவே அணையாது என்று பொய்யும் சொல்ல வேண்டாம், பின்னால் தெரிந்தால் உங்களை நம்பாது. சூரியனுக்கு இப்போது 460 கோடி வயது, இன்னும் 500 கோடி வருடம் எரியும், டைனோசர்கள் அழிந்ததே வெறும் 6.6 கோடி வருடம் முன்புதான், இதை ஒரு நீளமான நூலில் அளந்து காட்டுங்கள். 500 கோடிக்கு 5 மீட்டர் நூல் என்றால் டைனோசர் காலத்திலிருந்து இன்றுவரை ஏழு செ.மீ.கூட வராது. பயப்படுகிற பிள்ளைக்கு எண் உதவாது, நீளம் உதவும். விண்கல் வந்து மோதும் என்ற பயத்துக்கு: பெரிய சிறுகோள்களை ஓயாமல் கண்காணிக்கிறார்கள், 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டிமார்ஃபோஸ் என்ற சின்னப் பாறையில் வேண்டுமென்றே மோதி அதன் சுற்றுப்பாதையை மாற்றியே காட்டியது. இந்தக் கதை பயத்தைக் குறைப்பதோடு விண்கல்லை இடிக்கும் விளையாட்டையும் வீட்டுக்குள் கொண்டுவரும், அதற்கு நான் பொறுப்பல்ல.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாவிட்டால்?

தெரியாது, பார்க்கலாம் என்று சொல்லி, உண்மையிலேயே பாருங்கள். அன்றே. வானியலில் பெரியவர்களுக்குத் தெரியாதது ஏராளம்: யுரேனஸையும் நெப்டியூனையும் அருகே போய்ப் பார்த்தது இதுவரை ஒரே விண்கலம், வாயேஜர் 2. 1986-இல் ஒன்று, 1989-இல் ஒன்று, போகிற போக்கில்.

தொலைநோக்கி வாங்கிக் கொடுக்கலாமா?

உடனே வேண்டாம். முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர். நிலாவின் பள்ளங்களும் வியாழனின் நிலாக்களும் அதிலேயே தெரியும், பிள்ளை வளர்ந்து ஆர்வம் வேறு பக்கம் போனாலும் பறவை பார்க்க உதவும். பல மாதம் கழித்தும் தானாக வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறது என்றால் அப்போது தொலைநோக்கி பற்றி யோசிக்கலாம். சனியின் வளையம் தெரிய 25, 30 மடங்கு உருப்பெருக்கம் போதும், ஆடாத தாங்கிதான் முக்கியம். பெட்டியின்மேல் 500 மடங்கு என்று பெரிதாக அச்சடித்த பொம்மைத் தொலைநோக்கிகளை நம்ப வேண்டாம், அவற்றில் எல்லாம் ஆடும், மங்கும், பிள்ளை இரண்டே நாளில் வெறுத்துவிடும். அருகில் எங்காவது வானியல் குழு பார்வை இரவு நடத்தினால் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்விட்டு முடிவெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் மட்டும் கறாராக இருங்கள். பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் ஒரு நொடிகூடத் திருப்பக் கூடாது, பார்வை நிரந்தரமாகப் போய்விடும். மாலையில் வெள்ளியையோ புதனையோ கருவி வைத்துத் தேடுவதாக இருந்தால் சூரியன் முழுவதும் மறைந்த பிறகு தேடுங்கள், விடியலில் என்றால் சூரியன் எழுவதற்கு முன்பே கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பகலில் கருவியைச் சன்னலோரம் விட்டுவைக்காதீர்கள்.